வெறும் வயிறும் ஒரு தட்டுக் கடல்பாசியும்

ஃபிரிட்ஜைத் திறந்ததும் ரோஸ் எசென்ஸ் வாசம் முகத்தில் அடித்தது. மேல்வீட்டு ஆயிஷா நேற்று நோன்பு திறந்த கையோடு கொடுத்தனுப்பிய கடல்பாசி, துண்டு போட்டு, தளதளவென்று இருக்கிறது. ஸ்பூனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆட்டோ வரும்வரை உனக்கு எழுதுகிறேன். திட்டுவதற்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆடுகோடியில் அப்போது நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. சிவாஜிநகர் போனால் நீ துணிக்கடைப் பக்கமே திரும்பமாட்டாய், நேராகக் கடல்பாசிக் கட்டுதான். ஊறவைத்து, காய்ச்சி, பால் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் நம் ஊர்க் குளிருக்கு ஜன்னலோரமே உறைந்துவிடும். "கடல்ல விளையுறதுடி, அத்தனையும் நார்ச்சத்து. வயித்தைக் கழுவி விட்டுரும், பசியும் தாங்கும்" என்பாய். பொய்யில்லை. ஆனால் அதில் நீ கொட்டிய சர்க்கரை இருக்கிறதே, அடேயப்பா! "உனக்குத்தான் சுகர் இருக்கேடி" என்று கத்துவேன். "பாசி எல்லாத்தையும் இழுத்துக்கும், பர்வாகில்ல, ஒண்ணும் ஆகாது" என்று சிரிப்பாய்.

உன் கால் விரல் புண் ஆறாமல் போனபோது, டெஸ்டுக்குக் கூட்டிப்போக ஆட்டோவை உன் வாசலிலேயே நிறுத்தினேன். "தினம் கடல்பாசி சாப்பிடுறவளுக்கு டெஸ்ட் எதுக்குடி? அடுத்த வாரம் பாக்கலாம்" என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினாய். எத்தனை அடுத்த வாரங்கள்! முதலில் உன் காலை எடுத்தார்கள். பிறகு நீயே போய்விட்டாய். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இப்போது நான் குடிமாறி வந்த சந்தாபுராவில், செருப்புக் கடித்த என் கால் புண் ஆறமாட்டேன் என்கிறது. எத்தனை தண்ணீர் குடித்தாலும் தாகம். பயமாக இருக்கிறதடி. ஒரு துண்டு வாயில் போட்டால் போதும், இன்றைக்கு டெஸ்ட் கிடையாது. 'நாளைக்குப் போகலாமே' என்று மனசு சொல்கிறது. அச்சு அசல் உன் குரல்.

வாசலில் ஹார்ன். "மேடம், பேக பன்னி!" என்று டிரைவர் அவசரப்படுத்துகிறார். "பந்தே, பந்தே!" என்று இங்கிருந்தே கத்திவிட்டேன்.

தட்டை மூடி உள்ளே வைத்தாயிற்று. நீ திருப்பி அனுப்பிய அந்த ஆட்டோ இத்தனை நாளும் என் நெஞ்சுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. இன்றைக்கு நான் ஏறிக்கொள்கிறேன்.