மூன்று குழாய்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் மருமகளும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன், இதைப் படிக்கக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

உன் தங்கையின் ரத்தப் பரிசோதனைக்கு நீ எழுதிய யோசனை கிடைத்தது. நாலு பேர் பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிட வேலை என்றிருந்தாய். ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பவளும் அதையேதான் சொன்னாள், ஆட்டிசம் இருப்பவர்களுக்கு விளக்கிப் புரியவைக்க முடியாதாம். கடல் தாண்டிப் போய்ப் படித்தவனும் அவளும் ஒரே முடிவுக்கு வந்தது எனக்குப் பெருமைதான். ஆனால் பத்தொன்பது வயதில் உன் தங்கையை அப்படிப் பிடித்துத்தான் எடுத்தார்கள். ரிப்போர்ட் அருமையாக வந்தது. எட்டு மாதம் சாலையைக் கடக்கக்கூட அவள் என் கையைத் தொடவில்லை. வலிப்பு மாத்திரையைக் கல்லீரல் தாங்குகிறதா என்று பார்க்காமல் மேற்கொண்டு எழுதித் தரமாட்டேன் என்கிறார் டாக்டர், அதுவும் நியாயம். அதனால் பிடிக்காமல் எடுப்பது என்று நானே முடிவு செய்தேன், யாரையும் கேட்கவில்லை, உன்னையும் சேர்த்து.

இரண்டு வாரம் தினமும் காலைப் பலகாரம் ஆனதும் சாப்பாட்டு மேஜை எங்கள் லேப். நாடாவால் கையைக் கட்டுவது, ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது, பேனா மூடியால் ஓர் அழுத்து, பத்து எண்ணுவது. முதல் நோயாளி உன் அப்பா, நிஜ ஊசிக்குக் கத்துவதைவிடப் பேனா மூடிக்கு அதிகம் கத்தினார், உன் தங்கைதான் அவரை அடக்கினாள். ஸ்பிரிட் வாசனைக்குப் பழகத்தான் அவளுக்கு ஐந்து நாள் ஆனது. வலிக்காது என்று மட்டும் நாங்கள் ஒருமுறையும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றாள். உன் தங்கை எறும்பிடம் கடி வாங்கியவள், எந்த எறும்பு என்று கேட்டாள்.

பரிசோதனை அன்று மரத்துப்போகும் களிம்பு தடவி, தண்ணீர் குடித்து, தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுக்கும் பெண் தட்டில் மூன்று குழாய் வைத்தாள். நான் வீட்டில் ஒன்றுக்குத்தான் பழக்கியிருந்தேன். உன் தங்கை கையை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஒண்ணுன்னு சொன்னீங்க," என்றாள், என்னைப் பார்த்து. அதற்குள் அவளைப் பிடிக்க ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றார்கள், யாரும் அழைப்பு மணி கூட அடிக்கவில்லை, அவ்வளவு சுறுசுறுப்பு. நான் நடுவில் நின்றேன். "தப்பு என்னோடது, அவளோடது இல்ல. அவமேல கை வைக்கணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்," என்றேன். கைப்பையை மார்போடு அணைத்திருந்தேன், பயங்கரமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் போய்விட்டார்கள். ரத்தம் எடுக்காமலே வீட்டுக்கு வந்தோம். உன் அப்பா மெதுவாக, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

மூன்று காலிக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்து மறுபடி நான்கு நாள். வெள்ளிக்கிழமை போனோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளே எண்ணினாள், வலிக்குது என்று அறிவித்தாள், கை அசையவில்லை. மாத்திரை இதே அளவில் தொடரலாம் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போதுதான் அவள் கோப்பின் மேல் சிவப்பு மையில் 'ஒத்துழைக்க மாட்டார்' என்றிருந்ததைப் பார்த்தேன். அதை அடித்துவிடச் சொன்னேன். வேறு என்ன எழுதுவது என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள், நான் உன் தங்கையைக் கேட்கச் சொன்னேன். "எத்தனைன்னு முதல்லயே சொல்லணும்," என்றாள். அப்படியே எழுதியிருக்கிறது, சிவப்பில்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மறந்துவிடாதே, அடுத்த பரிசோதனை ஆறு மாதத்தில், நீ விடுமுறைக்கு வரும் வாரம். உன் தங்கை உன்னைத்தான் கூட்டிப்போகப் போகிறாளாம். வாசல் பக்கத்து நாற்காலி உனக்கு, யாராவது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தால் எழுந்து நிற்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
அம்மா