வராந்தாவில் தொங்கும் எச்சரிக்கைக் கருவி

அனுப்புநர்:
முதுநிலை ஆராய்ச்சியாளர்,
உயிர்வேதியியல் பிரிவு, இரண்டாம் தளம்,
ஒருங்கிணைந்த ஆராய்ச்சிக் கட்டடம்.

பெறுநர்:
பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
ஆய்வகப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: அடித்தள ஆய்வறையில் ஆக்சிஜன் குறைந்து வருவது – எச்சரிக்கைக் கருவி அறைக்கு வெளியே மாட்டப்பட்டிருப்பது – தொடர் விடுமுறையில் அந்த அறைக்குள் தனியே இருக்கப்போகும் ஒருவரின் உயிரைக் காக்க, அறையை முன்கூட்டியே பூட்டக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் முன்பு அளித்த மனுவும், அது பரிசீலனையில் இருப்பதாகத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொருளில் கண்ட ‘ஒருவர்’ என் கணவர். இதே கட்டடத்தில் இயற்பியல் பிரிவில் பணிபுரிகிறார். இந்த மனுவில் நான் குறை கூறுபவர்களில் அவரும் அடக்கம். வீட்டுச் சண்டையை அலுவலகம் வரை இழுத்து வந்திருக்கிறாள் என்று தாங்கள் மனுவை ஒதுக்கிவிடக் கூடாது. எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

1. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத அறை ஒன்று உள்ளது. மருத்துவம், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று பிரிவுகளும் அதைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுக்களை மருத்துவப் பிரிவினர் அங்கே இடுப்பளவு உயரமுள்ள குடுவைகளில், திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கிறார்கள். மேல்தளம் அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால் குடுவைகள் கீழே வந்தன. அந்தத் திரவம் சும்மா இருக்கும்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு குவளைத் திரவம் பல நூறு குவளை வாயுவாக விரியும். அது விஷமல்ல, நாம் சுவாசிக்கும் காற்றில் பெரும்பகுதி அதுதான். ஆனால் மூடிய அறையில் அது பெருகினால் ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் போகும். இதற்காகவே காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றும், ஆக்சிஜன் குறைந்தால் கூவும் எச்சரிக்கைக் கருவி ஒன்றும் அறையில் பொருத்தப்பட்டிருந்தன.

2. அதே அறையின் மூலையில் இயற்பியல் பிரிவின் நுண் அளவீட்டுக் கருவி இருக்கிறது. பக்கத்தில் யாராவது நடந்தால் அதன் முள் ஆடும், தும்மினாலும் ஆடும். அதற்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என் பெயரைவிட அந்தப் பெயர்தான் அதிகம் அடிபடுகிறது. விசிறி ஓடினால் தொட்டாச்சிணுங்கி அளக்காது. எனவே அளவீட்டு நாட்களில் விசிறியை நிறுத்தி வைத்தார்கள். பிறகு, ஒவ்வொரு முறையும் நிறுத்துவானேன் என்று ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி ‘தொடாதே’ என்று எழுதிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து என் கணவருடையது.

3. எங்கள் பிரிவு மட்டும் சளைத்ததா? அதே அறையில் உயிரணு வளர்க்கும் எங்கள் பெட்டிகளில் தூசி விழுகிறது என்று எங்கள் பிரிவுத் தலைவி அறைக்கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்து அடைக்கச் செய்தார். அந்த இடுக்கு ஒன்றின் வழியாகத்தான் அதுவரை அந்த அறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூன்று பிரிவினரும் அவரவர் காரியத்தை ஒழுங்காகத்தான் செய்தார்கள். மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது மட்டும் எந்தப் பிரிவின் வேலையிலும் இல்லை.

4. அதன்பின் எச்சரிக்கைக் கருவி அடிக்கடி கூவத் தொடங்கியது. மூன்று பிரிவுத் தலைவர்களும் கூடி, ஆராய்ச்சியாளர்களுக்கே உரிய முறையில் அதைச் சோதித்தார்கள். கருவியைக் கழற்றி வராந்தாவுக்குக் கொண்டு வந்தார்கள், அது அடங்கியது. திரும்ப அறைக்குள் மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். சற்று நேரத்தில் மறுபடி கூவியது. ஒரு முறை பார்த்து முடிவு கட்டுவது முறையல்ல என்பதால் மூன்று முறை செய்தார்கள். மூன்று முறையும் ஒரே விடை. எனவே அறையின் ஈரப்பதம் கருவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏகமனதாக முடிவு செய்து, கருவியை வராந்தாச் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அது கூவவில்லை. மூவரும் உலகம் மதிக்கும் அறிஞர்கள் ஐயா. கருவி உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

5. சென்ற மாதம் ஒரு நாள், மதிய உணவுக்கு அழைக்க நான் கீழே போனேன். குடுவைகளுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து என் கணவர் தனியே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சுலபத்தில் சிரிக்கும் ஆள் அல்ல. பென்சில் கீழே விழுந்து கிடந்தது. எடுக்கக் கையை நீட்டினார். கை பென்சிலைத் தாண்டிப் போயிற்று. மறுபடி நீட்டினார், மறுபடியும் தாண்டிப் போயிற்று. “என்ன ஆச்சு உங்களுக்கு?” என்று கேட்டேன். “பென்சில் ஓடுது பாரு” என்று சொல்லி மேலும் சிரித்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்குளில் கைகொடுத்து அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “கதவத் தொறந்து நல்லா ஓடிட்டிருந்த அளவீட்டக் கெடுத்துட்டியே.” எங்கள் தலைக்கு மேல் எச்சரிக்கைக் கருவி பச்சை விளக்குடன் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

6. ஆக்சிஜன் இப்படிக் குறையும்போது மூச்சு முட்டாது. முட்டினால் மனிதன் பதறிக்கொண்டு வெளியே ஓடி வருவான். இதில் அப்படி இல்லை. மனம் லேசாகும், சிரிப்பு வரும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், பிறகு கால் மடியும். உள்ளே இருப்பவருக்குப் பயம் வரவே வராது. ஆகவே அவர் பயப்பட வேண்டிய பங்கையும் சேர்த்து நானே பயப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அளவீட்டு நாட்களில் தலைவலியோடு வீட்டுக்கு வருகிறார். “கண்ணாடிய மாத்துடா, படிச்சுப் படிச்சுப் பவர் ஏறியிருக்கும்” என்றார் என் மாமியார். மாற்றினார். தலைவலி மாறவில்லை. மாமியாரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டில் இரண்டு பேர் தூங்காமல் இருப்போம்.

7. நான் சொல்லாத ஆள் இல்லை. மருத்துவப் பிரிவின் டாக்டர், “எங்க குடுவையில கசிவே இல்லம்மா. ஆவியாகுறது அதோட சுபாவம்” என்றார். இயற்பியல் பிரிவுத் தலைவர், விசிறி கட்டடத்தைச் சேர்ந்தது என்றார். கட்டடப் பொறியாளர் என்னை வராந்தாவுக்கே கூட்டிச் சென்று, “கருவி நல்லாத்தானே இருக்கு? பாருங்க, இருபத்தொண்ணு காட்டுது” என்றார். நல்ல காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு; வராந்தாவில் அது இருபத்தொன்றுதான் காட்டும். கடைசியில், தோழி ஒருத்தியைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, கையடக்க அளவி ஒன்றுடன் நானே உள்ளே போனேன். நின்ற உயரத்தில் பதினேழு. குளிர்ந்த வாயு தாழ்ந்து தேங்கும் குடுவைகளின் பக்கம் குனிந்தபோது எண் இறங்குவதைப் பார்த்தேன். எதில் நின்றது என்று பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன். கோழைத்தனம் என்றால் அப்படியே இருக்கட்டும். அந்த அளவை மூன்று பிரிவுத் தலைவர்களிடமும் தெரிவித்தேன். கையடக்க அளவிக்கும் ஈரப்பதம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார்கள்.

8. இப்போது தொடர் விடுமுறை வருகிறது. இடையில் ஊழியர்கள் வரமாட்டார்கள் என்பதால், விடுமுறையின் முதல் நாள் காலையில் மருத்துவப் பிரிவினர் எல்லாக் குடுவைகளையும் விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் போவார்கள். நிரப்பும்போதுதான் வாயு மிக அதிகமாக வெளிவரும். கட்டடத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத அந்த நாட்களுக்காகத்தான் இயற்பியல் பிரிவு இவ்வளவு காலம் காத்திருந்தது. மருத்துவப் பிரிவினர் நிரப்பிவிட்டுக் கிளம்பியதும் என் கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். விசிறி ஓடாது, மாலைவரை கதவு திறக்காது, கூப்பிட்டால் கேட்க மேலே யாரும் இருக்கமாட்டார்கள். இதைச் சொல்லிக் கெஞ்சினேன். “இத்தன வருஷமா ஒண்ணும் ஆகலியே, இந்த ஒரு தடவ விடு” என்றார். அந்த ஒரு தடவைதான் எனக்குப் பயம்.

ஆகவே, விடுமுறை தொடங்கும் முன் தாங்கள் நேரில் வந்து அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தங்கள் வசம் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விசிறி ஓடி, எச்சரிக்கைக் கருவி அறைக்குள் திரும்பிய பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அளந்துகொள்ளட்டும். யாரையும் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

தாங்கள் வர இயலாமல் போனால் நான் செய்யப்போவதையும் இங்கேயே தெரிவித்துவிடுவது மரியாதை. விடுமுறையின் முதல் நாள் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அந்தக் கதவின் நிலையில் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கதவு மூடாது. அளவீடு கெடும். அவருடைய பல ஆண்டு உழைப்பு என்னால் வீணாகும். அதன்பின் அவர் என்னோடு பேசுவாரா என்று தெரியவில்லை. பேசாவிட்டால் போகிறது. அவர் இருந்தால் போதும்.

அப்போது, ஆராய்ச்சிக்கு இடையூறு செய்வதாக என்மேல் தங்களுக்குப் புகார் வரும். உயிர்பயம் பற்றிய மனு பரிசீலனையில் இருந்தாலும், இடையூறு பற்றிய புகாருக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து அன்றைக்கே ஆள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்காகவாவது வாருங்கள். என்னை அந்த வாசலிலிருந்து எழுந்து போகச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. அவரை வெளியே வரவழைத்துவிட்டுச் சொல்லுங்கள் ஐயா, உடனே எழுந்துவிடுகிறேன்.

மிகுந்த அச்சத்துடன்,

(ஒப்பம்)
முதுநிலை ஆராய்ச்சியாளர், உயிர்வேதியியல் பிரிவு

நாள்: விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமை
இடம்: ஒருங்கிணைந்த ஆராய்ச்சிக் கட்டடம், அடித்தள வராந்தா