மிளகு சிவந்துவிட்டது, அண்ணி

என் பிரியமான அண்ணிக்கு,

புக்கிட் காதில் தோட்டத்தில் மிளகு பறித்து முடித்துவிட்டோம். இதை முதலில் உங்களிடம்தான் சொல்லணும் என்று தோன்றியது. நீங்கள் காத்திருந்த பறிப்பு இல்லையா?

பறிப்புக்கு முந்தின வாரங்களில் நாம் இரண்டு பேரும்தானே காஜா பேராங்கில் இருக்கும் நம் வீட்டிலிருந்து தினமும் அங்கே நடந்தோம். காற்றில் நழுவிய கொடிகளை எடுத்துக் கட்டையோடு சேர்த்துக் கட்டினோம். ஒரு மணியாவது சிவந்திருக்காதா என்று இலையை விலக்கி விலக்கிப் பார்ப்பீர்கள். எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

அண்ணனுக்கு அதில் மனசில்லை. இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வரப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரம். “வெள்ளைக்காரன் போனப்புறம் நம்மள இங்க யாரு வெச்சிருப்பா? நம்ம ஊருக்கே கப்பல் ஏறிடலாம்,” என்று சாப்பிடும்போது சொன்னார். நீங்கள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

“அது நீங்க பொறந்த ஊரு. நான் இங்க பொறந்தவ. எங்கம்மாவும் இங்கதான் பொறந்தாங்க. நான் எந்த ஊருக்குப் போறது?” என்றீர்கள். “மிளகு பறிச்சிட்டுப் பேசலாம்,” என்று நீங்களே முடித்துவைத்தீர்கள்.

அப்புறம்தான் அந்த மழை. வேரில் தண்ணீர் நின்றால் கொடி அழுகிவிடும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வெட்டப் போனீர்கள். நானும் வந்தேன். “பிள்ள தனியா இருக்கு, நீ வீட்டுக்குப் போ பார்வதி,” என்று அனுப்பிவிட்டீர்கள். ஒரு கொடிகூடச் சாகவில்லை, அண்ணி. உங்களுக்குத்தான் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க, “செவந்திருச்சா?” என்று கேட்டீர்கள். இன்னும் இல்லை என்றேன். பொய்யாவது சொல்லியிருக்கலாமோ?

உங்களை அடக்கம் செய்தபின் அண்ணன் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. மிளகு சிவந்ததும் நான் மட்டும் கூடையோடு போனேன். எட்டிய சரங்களைப் பறித்தேன். மேலே இருந்ததைக் குருவிகள் தின்றன.

ஒரு நாள் காலையில் அண்ணன் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். “கீழ நீ பாரு. மேல நான் பறிக்கிறேன்.” அவ்வளவுதான். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, “அவள இங்க விட்டுட்டு நான் எங்க போவேன்?” என்றார். இதை அவர் அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. அழுகிற மனுஷரிடம் எப்படிக் கேட்பது?

சுதந்திரமும் வந்துவிட்டது. உங்கள் மகள் மீனா அண்ணன் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தாள். “ஆஸ்பத்திரி ஜன்னல்லருந்து அம்மாவுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள். “தெரியும்,” என்றார் அண்ணன். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை, அண்ணி. அண்ணனால் முடியவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டில் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத் தினமும் பயம்.

நாளைக்கு நானே அவளை உங்களிடம் கூட்டி வருகிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். எவ்வளவு நேரம் அழுதாலும் போதும் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் திரும்புவேன்.

உங்கள் நாத்தனார்,
பார்வதி