இரவல் சோபா

என் செல்லப் பாப்பாவுக்கு,

அப்பா ஆசையாய் எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். சாரத்தில் ஏறி நின்றால் எனக்குச் சுவரே தெரிவதில்லை, நீதான் தெரிகிறாய். நீ அனுப்பிய படத்தில் இருக்கிற பெரிய மரங்களுக்குக் கீழே புத்தகத்தை அணைத்துக்கொண்டு போகிறாய். நூலகத்தின் உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் மெல்ல இறங்குகிறது. நானும் உன் பின்னாலேயே வந்து, இந்தக் கூரைக்குச் சாரம் எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று அண்ணாந்து பார்க்கிறேன். கீழேயிருந்து மேஸ்திரி, "என்னய்யா, ஒரே இடத்துல நாலு கோட்டு அடிக்கிற?" என்று கத்துகிறார். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்கு என்ன தெரியும்!

விஷயத்துக்கு வருகிறேன். உதவித்தொகைக்காக வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி வருவார், இருக்கிறபடியே காட்டுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறவரைப் பாயில் உட்காரவைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. மாடி வீட்டு டீச்சரிடம் சோபாவை இரவல் வாங்கினாள். எதிர்வீட்டிலிருந்து டிவி வந்தது, தையல்கடையிலிருந்து ஆளுயரக் கண்ணாடி. நான் மட்டும் சளைத்தவனா? ஒரு பங்களா வேலையில் மிஞ்சிய நீலப் பெயிண்டை முன்னறைக்கு அடித்தேன். மழை ஒழுகின கறையெல்லாம் போன இடம் தெரியவில்லை. எல்லாம் முடிந்ததும் அம்மாவும் நானும் அந்த சோபாவில் உட்கார்ந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வேறு யாரோ வாழ்கிற வீடு மாதிரி, அவ்வளவு அழகாக இருந்தது பாப்பா.

வந்தவர் சின்ன வயசுப் பெண். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்களோடதா?" என்று மெதுவாகக் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எங்களோடதுதான் மேடம்" என்றேன். சந்தோஷமாகவே சொன்னேன். இல்லாதவன் பெண் என்று அங்கே உன்னை யாரும் இளக்காரமாய்ப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். அவர் எழுதிக்கொண்டு போனார். சாயங்காலமே சாமான்கள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. வசதியான குடும்பம், உதவி தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்தத் தொகை இல்லையென்றால் இந்த மாதக் கடைசியில் நீ பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இங்கே ஊரில் இருக்கிற அவர்கள் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்புறதுங்க ஐயா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த புதன்கிழமை உன் பல்கலைக்கழகத்திலேயே ஒரு குழு முன்னால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். நீ சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம்.

உன்னை எனக்குத் தெரியாதா? அப்பாவை விட்டுக்கொடுக்க உனக்கு வாய் வராது. ஏதோ குழப்பம், அப்பாவுக்குக் கேள்வி சரியாகப் புரியவில்லை என்று சுற்றி வளைப்பாய். வேண்டாம் பாப்பா. எனக்கு நன்றாகவே புரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன். அவர்கள் முன்னால் தலை நிமிர்ந்து உட்கார். "எங்கப்பா பொய் சொன்னாரு" என்று தெளிவாகச் சொல். அழாமல் சொல்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா