ஒரு எல், இரண்டு எல்

ஆபா,

இன்று காலை இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். பேரனின் சாதிச் சான்றிதழுக்குப் பழைய நிலப் பதிவு ஏதாவது வேண்டுமாம். கணினி முன் இருந்த பெண் என் தாத்தாவின் பெயரைக் கேட்டு அடித்தாள். திரை முழுக்கப் பெயர்கள். அதில் இரண்டு இடத்தில் மட்டும் பெயர் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. "இதுல எந்த வெள்ளையன் பெரியம்மா உங்க தாத்தா?" என்று கேட்டாள். தலை சுத்துது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

நீங்கள் இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது என்று கணக்கு. எனக்குத் தெரிந்தது ஐந்து வருடமாகத்தான். உங்கள் ஊர் வாணியம்பாடியில் துணி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் ஜாக்கெட் துணியைக் கையில் வைத்துக்கொண்டு "அப்படிங்களா" என்றேன்.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் மலைமேல் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் அந்த நிலையத்தில் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் உங்கள் பொறுப்பு. இரவில் மற்றவர்கள் எழுதி வைத்த குறிப்பேடுகளைப் பகலில் அடித்து உள்ளே ஏற்றுவது என் வேலை. உங்களுக்கு என்னைவிட மூன்று வயது அதிகம். முதல் வாரம் மேடம் என்று கூப்பிட்டேன். "எங்க வூட்ல அக்காவ ஆபான்னுவாங்க. நீயும் அப்படியே கூப்புடு" என்றீர்கள். அன்றிலிருந்து வேறு எதுவும் சொல்லி உங்களைக் கூப்பிட்டதில்லை.

அந்த வருடம்தான் நெல்லிவாசல் பக்கம் எங்கள் ஊருக்கு நோட்டீஸ் வந்தது. பதினேழு குடும்பங்கள் சாமையும் புளியும் வைத்திருந்த நிலம் காட்டு எல்லைக்குள் வருகிறதாம். பழைய பட்டியல் ஒன்றில் முன்னோர் பெயர் இருப்பதைக் காட்டினால் நிலம் எங்களுக்கு, இல்லாவிட்டால் காட்டுக்கு. பட்டியலைத் தேடித் தர அலுவலகத்தில் ஆள் இல்லை, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று ஒரு கார்பன் நகலைக் கொடுத்துவிட்டார்கள். நானூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் இங்கிலீஷில். ஊர் வரிசையும் இல்லை, பெயர் வரிசையும் இல்லை. நீல எழுத்து பாதிக்குப் பாதி அழிந்து கிடந்தது.

அப்பா அதைக் கோணிப்பையில் சுற்றி நிலையத்துக்கே கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "நீ இத்த மிஷின்ல அடி பொன்னி. தேடறத நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். நிலையத்துத் தலைமை அதிகாரியிடம் நீங்களே போய்ப் பேசி, வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கி வந்தீர்கள்.

சாமை விதைத்தபோது அடிக்கத் தொடங்கினேன். அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தபோது முடித்தேன். இருக்கிறதை இருக்கிறபடியே அடிக்க வேண்டும், தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக்கூடாது என்று நீங்கள் முதல் நாளே சொல்லியிருந்தீர்கள். பட்டியல் எழுதியவர் மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரராக இருந்திருக்க வேண்டும். ஒரே பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்தில் எழுதியிருந்தார். வெள்ளையனுக்கு ஓரிடத்தில் இரண்டு எல், ஓரிடத்தில் ஒரு எல். ஒய் இருந்த இடத்தில் அடுத்த பக்கம் ஐ.

நீங்கள் அப்பாவை ஒருநாள் வரச்சொல்லி, பதினேழு வீட்டுத் தாத்தா பெயர்களையும் அவர் வாயாலேயே சொல்லச் சொன்னீர்கள். ஒருமுறை சொன்னதை மறுபடி கேட்டீர்கள். மறுபடியும் கேட்டீர்கள்.

"இன்னாத்துக்கும்மா எங்கப்பன் பேர இத்தினி வாட்டி கேக்கற?" என்று அப்பா சிரித்தார்.

"எழுதனவரு காதுல எப்படி வுழுந்துச்சோ, அது எனக்குத் தெரியணும்ங்க."

அதை வைத்துத்தான் ஒவ்வொரு பெயருக்கும், எழுத்து எப்படி மாறியிருந்தாலும் பிடிக்கிற மாதிரி ஒரு வடிவம் எழுதினீர்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு வாயில் நுழையவே நாளானது. வி, ஈ. அடுத்து எல், அது ஒன்றானாலும் இரண்டானாலும் சரி என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி. சதுர அடைப்புக்குள் ஏ, ஐ, ஒய், இதில் எது எத்தனை முறை வந்தாலும் சரி. கடைசியில் ஏ, என். கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் ஏதோ ஒரு கட்டளையைச் செருகினீர்கள். பட்டியலைத் திரையில் ஓடவிட்டபோது, கறுப்பில் பச்சையாக இருந்த எழுத்துகளுக்கு நடுவே அந்தப் பெயர் மட்டும் பச்சைக் கட்டத்துக்குள் கறுப்பாக நின்றது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. திரைக்குக் கிட்டே போய் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து, "இதானா எங்கப்பன்?" என்றார். நீங்கள் ஆமாங்க என்றீர்கள். அவர் விரலை எடுக்கவே இல்லை. பதினேழு பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று அன்றைக்கே ஊருக்குச் சொல்லி அனுப்பினோம்.

விசாரணைக்கு நீங்களும் ஜீப்பில் எங்களோடு இறங்கி வந்தீர்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். நாம் கொண்டுபோன தாள்களையும் அப்பா வைத்திருந்த, தாத்தா பெயர் போட்ட பழைய வரி ரசீதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரசீதுல ரெண்டு எல் இருக்கு. பட்டியல்ல ஒரு எல்தான். அதே ஆளுன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

"தமிழ்ல ஒரே பேருதான் சார். இங்கிலீஷ்ல எழுதறப்ப மாறிப்போச்சு."

"கம்ப்யூட்டர் சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"நான்தான் சார் சொல்றேன்" என்றீர்கள்.

கம்ப்யூட்டர்தான் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருப்பாரோ என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

ரசீதும் பட்டியலும் ஒத்துப்போன ஆறு குடும்பத்துக்கு அன்றே எழுதிக் கொடுத்தார். மிச்சம் பதினொன்று. அந்தக் கார்பன் நகலை யாராலும் படிக்க முடியவில்லை, நீங்கள் அடித்த பட்டியலையே கோப்பில் வைத்துக்கொள்கிறேன், எழுத்து ஒத்துவருகிற மாதிரி இருந்தால் இரண்டு வாரத்தில் கொண்டுவாருங்கள், பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்திருக்கும்.

மறுநாள் மழை. நிலையத்தில் நாம் இரண்டு பேர்தான். நான் கேட்டேன்.

"ஒரு வரி ஆபா. தேடறத்துக்குப் போட்ட அதே வரிதான். கண்டுபுடிச்ச பேரையெல்லாம் ரெண்டு எல்லுக்கு மாத்துன்னு பின்னால சேத்தா போதும். எல்லாம் ஒரே எழுத்தாய்டும்."

"மாட்டேன் பொன்னி."

"ஏன்?"

நீங்கள் பட்டியலைத் திரையில் ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினீர்கள். மலைக்கு அந்தப்புறம் வேறொரு ஊர். அங்கேயும் ஒரு பெயர் கட்டத்துக்குள் நின்றது.

"இவன் உங்க தாத்தா இல்ல. இவன் வேலய்யனா இருக்கலாம். ஒரு எல் போட்டா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் தெரியறாங்க. மாத்திட்டா இவனும் வெள்ளையனாய்டுவான். கோப்புல இருக்கப்போறது நம்ம பட்டியல்தான். நாளைக்கு இவன் பேரன் வந்து தேடுவான். அவனுக்கு அங்க ஒண்ணும் இருக்காது."

"அப்ப நம்ம ஊரு வரைக்கும் மட்டும் மாத்துங்க."

"இருக்கறத இருக்கறபடி அடின்னு நான்தான உனக்குச் சொன்னேன்" என்றீர்கள். "தேடிக் காட்டறேன். மாத்த மாட்டேன். என்னால ஆவாது பொன்னி."

நான் கதவை அறைந்து சாத்திக்கொண்டு மழையிலேயே நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பட்டியலோடு போனோம். பதினொரு மனுவும் தள்ளுபடி ஆயிற்று. அடுத்த கோடைக்குள் எல்லைக்கல் நட்டார்கள். அப்பாவின் புளிய மரங்கள் கல்லுக்கு அந்தப்புறம் போயின. அந்த வருடக் காய் மரத்திலேயே வெடித்து உதிர்ந்தது. பொறுக்கப் போன அம்மாவை விரட்டிவிட்டார்கள். அப்பா கீழே இறங்கி வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் சுமை தூக்கப் போனார். நான்கு வருடத்தில் மார்புச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை அவருக்கு ஒரே பேச்சுதான். "அந்த வாணியம்பாடிப் பொண்ணு மனசு வெச்சிருந்தா..."

துக்கத்துக்கு நீங்கள் வந்தீர்கள். எங்கள் தெரு எது என்று விசாரித்து, வெயிலில் நடந்து வந்திருந்தீர்கள். அம்மா உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்கு வந்த? ஒரு எழுத்து மாத்தக் கை வர்ல, இப்ப அழ வந்துட்டியா?" என்று கேட்டாள். யாரும் உங்களை உட்காரச் சொல்லவில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வர்றேன் பொன்னி" என்று புறப்பட்டீர்கள். அதுதான் கடைசி.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எத்தனையோ முறை சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

இரண்டாம் விசாரணைக்கு முந்தின நாள் நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து நானே அந்த வரியை அடித்தேன். நீங்கள் அடித்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமாகியிருந்தது. எழுத்துப் பிழை இல்லை. கடைசிச் சாவியை மட்டும் தட்ட வேண்டும். விரல் அதன்மேல்தான் இருந்தது. மலைக்கு அந்தப்புறத்து வேலய்யன் நினைவுக்கு வந்தான். முகம் தெரியாதவன், என்றைக்கோ செத்தவன். அவனுடைய பேரன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற மாதிரி தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. நீங்கள் முடியாது என்றதை மட்டும் சொன்னேன். ஊருக்கும் அதையே சொன்னேன். துக்க வீட்டில் அம்மா உங்களைக் கேட்டபோது, நானும்தான் மாற்றவில்லை அம்மா என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. இப்போது அம்மாவும் இல்லை, நீங்களும் இல்லை. ஊரில் மிச்சமிருக்கும் இரண்டொரு கிழவர்கள் இன்றைக்கும் உங்களைத் திட்டுகிறார்கள், ஆபா. போன மாதம்கூட ஒருவர் திட்டினார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.