சுவாமி பாதத்தில் வைத்த மாத்திரை

வெள்ளிக்கிழமை இரவு

அப்புறம் நான் என்னதான் செய்யட்டும், நீயே சொல்லு முருகா. அக்கா பிள்ளை ரகு சாப்பிடுவது சத்து மாத்திரை என்று நம்பி, தினமும் உன் பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். அவன் வங்காளிப் பெண்டாட்டி மிதாலிக்குக் குழந்தை வேண்டுமென்று விளக்கேற்றியதும் அதே இடத்தில்தான்.

இன்று சாயங்காலம் என்ன மாத்திரை என்று கேட்டதும் சொல்லிவிட்டான். ஜாதவ்பூரில் அவன் வேலை பார்க்கும் லேபில் செய்ததாம். ஆண்கள் சாப்பிட்டால் குழந்தை உண்டாகாதாம். ஹார்மோன் கிடையாதாம்.

"மனுஷாளுக்குக் குடுத்துப் பாத்தாச்சாடா?"

"இன்னும் இல்ல சித்தி, எலிக்குத்தான். நானே சாப்ட்டுப் பாக்கறேன்."

"நிறுத்தினா பழையபடி ஆயிடுமா?"

"எலிக்கு ஆச்சு."

"மிதாலிக்குத் தெரியுமா?"

"நீ வாயத் தொறக்காம இருந்தா தெரியாது. உனக்கு அது கஷ்டம்தான்."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் மாதாமாதம் அழுகிறாள். நாளைக்கு அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. இந்த மாதம் அவள் அழவில்லை. மீனில்லாமல் சோறு இறங்காத பெண், இன்று காலை கீழ்வீட்டில் மீன் பொரித்த வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.