வளையம் அறுத்த கிளி

ஷார்ஜா
3.6.2025

அன்பு மிஸ்ரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் உன் அழுகையைக் கேட்டால் எனக்கும் பேச்சு வருவதில்லை. அதனால் எழுதி, ஊருக்கு வரும் காஜாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

நம் பிள்ளை சமீர் மவுத்தாகி நாற்பது நாள் கழிந்தது. அவன் இங்கே வளர்த்த சாம்பல் கிளி என் அறையில் இருக்கிறது. தினமும் உன்னிடம் போனில் கேட்பானே, அதே குரலில், "உம்மா, சாப்ட்டியளா?" என்கிறது. அடுத்த மாதம் வேலையை முடித்து வரும்போது அதையும் கொண்டுவருகிறேன். ரத்தப் பரிசோதனை, டாக்டர் சான்று, இரண்டு நாட்டு அனுமதி, இறங்கியதும் முப்பது நாள் தனிமைக் கூண்டு. அலைந்தாவது முடித்துவிடுவேன். போனில் அதன் படமும் சத்தமும் அனுப்பியிருக்கிறேன்.

உன்
நாசர்

தென்காசி
15.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் சலாம். குற்றாலத்தில் தண்ணி விழுதென்று தெருவே கிளம்பிப் போயிருக்கிறது. நான் எங்கும் போகவில்லை.

முப்பது நாள் அது யாரோடு பேசும்? அவன் குரலை மறந்துவிடாதா? சத்தத்தைக் கேட்டேன். "சாப்ட்டேன் ராசா" என்று நான் சொன்னால், போன் திரும்பக் கேட்கவா போகிறது? எனக்கு அது நேரில் வேண்டும்.

படத்தில் காலில் ஒரு வளையம் கிடக்கிறதே. பிள்ளைக்கு வலிக்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

மிஸ்ரியா

ஷார்ஜா
29.6.2025

மிஸ்ரியா,

உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. நீ கேட்டாய் என்று வளையத்தை அறுத்துவிட்டேன். அதில்தான் கிளியின் நம்பர் இருந்ததாம். பண்ணையில் பிறந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், செல்லாது, இனி கிளியைக் கொண்டுபோக அனுமதி கிடையாது என்றார் அதிகாரி. முப்பது நாள் என்ன, ஒரு வருஷம் வேண்டுமானாலும் அங்கே கூண்டில் கிடக்கட்டும் என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பதினெட்டாம் தேதியோடு விசா முடிகிறது. இங்கே கடை வைத்திருக்கும் சிவகிரிக்காரர் பாண்டிராஜ், "எங்கிட்ட விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். முதலாளி இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். எனக்கு உன்னிடம் வரவேண்டும் மிஸ்ரியா. ஆனாலும் நீ சொல்வதைச் செய்கிறேன்.

நாசர்

தென்காசி
6.7.2025

மச்சானுக்கு,

என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். யாரை நோக?

உங்கள் சட்டையெல்லாம் துவைத்து மடித்து வைத்தாயிற்று. வந்துவிடுங்கள் என்று இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். உங்களுக்குச் சுகர் வேறு. ஹோட்டல் சோறு ஆகாது என்று தெரியும். இங்கே எனக்கும் உங்களைத் தவிர யாரும் இல்லை.

பாண்டிராஜ் அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு அது கிளிதானே.

வராதீங்க மச்சான். பிள்ளையைத் தனியா விட்டுட்டு வந்துராதீங்க.

மிஸ்ரியா